உதிரி எண்ணுகிறவன்

பகாவ் மில்லின் ராம்பில்
பதினெட்டு வருஷமாய் எனக்கு ஒரே வேலை.
லாரி கொட்டிய செம்பனைக் குலையைக் கம்பியால் புரட்டி
கழன்ற குழிகளை எண்ணுவேன்.
பத்து உதிர்ந்திருந்தால் பழம்.
குறைந்தால் காய். திரும்ப ஏற்று.
ஜைனுடின் கெஞ்சுவான், பிறகு ஏசுவான்.
நான் அடுத்த குலைக்குப் போயிருப்பேன்.

போன வருஷம் கம்பி கனத்தது.
ராம்புக்கு ஏழே படி.
நாலாவதில் நின்று
பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்துகொள்வேன்,
மூச்சு வாங்குவது யாருக்கும் தெரியாமல்.

கிளினிக்கில் கீழிமையை இழுத்துப் பார்த்து
"ரத்தம் கம்மி" என்றார்கள்.
இரும்பு மாத்திரை.
கௌரி சனிக்கிழமை பசாரில் சொல்லிவைத்து
சுவரொட்டி வாங்கி மிளகு போட்டு வதக்கினாள்.
மாத்திரை தின்றால் கருப்பாய்ப் போகும்,
பயப்படாதீங்க என்றிருந்தாள் மிஸி.
கருப்பாய்ப் போனது.
பயப்படவில்லை.
பதினோரு மாதம்
மாத்திரை என்றே நினைத்து
என் ரத்தத்தைத் தண்ணீர் ஊற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

சிரம்பானில் குடலில் ஒரு சாண் எடுத்தார்கள்.
அதுவும் ரத்தம் போதாமல் இரண்டு வாரம் தள்ளி.
காயம் கூடவும் சுணங்கியது.
பிறகு வியாழக்கிழமைகளில் ஊசி மருந்து.
புக்கிட் பூத்துஸ் வளைவுகளில்
கௌரி ஒரு பிளாஸ்டிக் பையை
எனக்காகத் திறந்து பிடித்தபடியே வருவாள்.

ஏழு மணிக்கு ரத்தம் எடுப்பார்கள்.
பத்து மணிக்குத் தாளோடு வந்தாள் ஹஸ்னிதா மிஸி.
"ஏழு புள்ளி நாலு, அங்கிள். இன்னிக்கு முடியாது."
எனக்குத் தெரிந்த குரல் அது.
கோபமில்லை. இரக்கம் என்றும் சொல்லமுடியாது.
நான் வாயைத் திறப்பதற்குள்
அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தாள்.

டாக்டர் சின்னப்பெண். உட்கார்ந்து சொன்னாள்:
ரத்தம்தான் காற்றைச் சுமக்கணும், அங்கிள்.
காற்றுப் போகாத இடத்தில்
மருந்தும் கை சோர்ந்துவிடும், உங்களுக்கும் தாங்காது.
தலையாட்டினேன்.
காயை வேகவைத்தால் ஆவிதான் வீண் என்று
எத்தனை முறை சொல்லியிருப்பேன் ஜைனுடினிடம்.

இரண்டு பை ஏற்றினார்கள்.
பெயரில்லை. ஒரு நம்பர், ஒரு தேதி,
வேர்த்திருந்த பிளாஸ்டிக்.
யாரோ ஒருவர் கோப்பிக் குடிக்கப் போகிற வழியில்
கையை நீட்டிவிட்டுப் போயிருக்கலாம்.
சொட்டுகளை எண்ணினேன், கைப்பழக்கம்.
முந்நூற்றுச் சொச்சத்தில் தூங்கிப்போனேன்.

இன்று வியாழன்.
ஒன்பது புள்ளி ஒன்று.
"போதுமா?" என்கிறேன்.
மிஸி தாளைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள்,
போனை எடுத்து யாரையோ கேட்கிறாள்.

வெட்டிய குலை தரையில் பழுக்காது.
மரத்தில் இருப்பதற்குத்தான் நாள் உண்டு.

கௌரி அந்தப் பையை மடித்து மடித்து
தீப்பெட்டி அளவாக்கிவிட்டாள்.
மிஸி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.