ஓர் ஓ

இரவு இரண்டு மணிக்கு இரண்டு புள்ளி நாற்பது.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
அளவுகோலைப் படித்து நோட்டில் எழுதி
வாட்ஸப்பில் அனுப்புகிறேன்.
ஈ.ஈ. ஒரு கட்டைவிரல் போடுகிறார்.
கெடிலத்தில் ஒரு தெர்மாகோல் பெட்டி,
ஒரு பூசணிக்காய், யாருடையதோ பிளாஸ்டிக் நாற்காலி
தேவனாம்பட்டினத்துக்கு டிக்கெட் எடுத்தவை போல
அவசரமில்லாமல் போகின்றன.

ஆர்ஹூஸில் மணி ஒன்பதரை.
முதியோர் இல்லத்தில் ஷிஃப்ட் முடித்து
ஜெரால்டின் கூப்பிடுவாள், தினம் ஒரு சொல்லோடு.
டேனிஷ் பரீட்சை அவளுக்கு. ஒப்பிப்பது என்னிடம்.

இன்றைக்கு ஓர் எழுத்துதான், என்றாள்.
அவர்கள் அகரத்தின் தலையில் ஒரு குட்டி வளையம்.
சொன்னால் ஓ.
பொருள் ஆறு.

பெரிய ஆறா?
இல்ல, நம்ம கெடிலம் மாதிரி.
பெரிசுக்கு வேற சொல் இருக்கு.

டென்மார்க்கில் ஓ, ஸ்வீடனில் ஓ, நார்வேயிலும் ஓ.
ஐஸ்லாந்துக்காரர்கள் மட்டும் ஔ என்பார்களாம்,
நம் பாடப்புத்தகத்தில்
ஔடதத்துக்காக மட்டும் நிற்கும் அந்த ஔ.
ஆதியில் அது வெறும் நீர்.
தண்ணீர் கேன் வண்டியில் அக்வா என்று எழுதியிருக்குமே,
அந்த லத்தீன்காரிக்கு ஒன்றுவிட்ட தங்கை.
வாய்க்கு வாய் தேய்ந்து
மெய்யெல்லாம் உதிர்ந்து
உயிர் மட்டும் மிஞ்சியதாம்.

அவள் இருக்கும் ஊரின் பெயருக்குள்ளேயே
அந்த ஆறு இருக்கிறது:
ஆர்ஹூஸ் என்றால் ஆற்றின் வாய்.
அப்ப நீ ஊரே மாறல ஜெரி, என்றேன்.
இதுவும் ஆறும் கடலும் கூடும் கூடலூர்தானே.
வெள்ளைக்காரன் நாக்கில் கூவின் கால் ஒடிந்து
கடலூர் ஆனதென்று சொல்வார்கள்.

தீவுக்கும் அங்கே ஒரே எழுத்து.
உதட்டை ஓ-வுக்குக் குவித்து
ஏ சொல்ல வேண்டுமாம்.
சொல்லிப் பார்த்தேன்.
பாலத்துக்கு அடியில் படுத்திருந்த நாய்
எழுந்து இடம் மாறிப் படுத்தது.

எனக்கும் தெரியும், என்றேன்.
குரூப் ஃபோருக்கு உருப்போட்டது:
ஓரெழுத்து ஒருமொழி நாற்பத்திரண்டு.
ஆ பசு. ஈ கொடு. ஊ இறைச்சி. ஏ அம்பு.
ஓ, மதகுநீர் தாங்கும் பலகை.
உங்க ஓ ஓடுது, எங்க ஓ மறிக்குது.
சிரித்தாள்.
சிரிப்பு வந்துசேர ஒரு வினாடி ஆனது.

அந்தச் சிரிப்பின் வாலிலேயே சொன்னாள்:
காண்ட்ராக்டை இன்னும் ரெண்டு வருஷம் நீட்டுறாங்க.
கையெழுத்துப் போட்டுட்டேன்.

ஓ, என்றேன்.

தகரத்தில் மழை.
எந்த ஓ, என்றாள் மெதுவாக.

ஓகார இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள்.
அதையும் உருப்போட்டேன், பாதி மறந்துவிட்டது.
வினா. எதிர்மறை. கழிவு. பிரிப்பு.
மீதி நான்கில் ஒன்றாவது
நல்லதாக இருந்திருக்க வேண்டும்.

இரு, ரீடிங் எடுத்துட்டு வரேன்.
போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு
படி இறங்கினேன், நேற்றை விட இரண்டு படி குறைவாக.
அணைக்கட்டிலிருந்து கலியபெருமாள்
குரல்பதிவு அனுப்பியிருந்தார்:
திருவந்திபுரத்துல பலகை எல்லாம் எடுத்தாச்சு,
தண்ணி வருது, பாத்துக்க.
பூசணிக்காயைத் தேடிக்கொண்டு
அதன் கொடி வந்துகொண்டிருந்தது,
இரண்டு பூவோடு.

மூன்று மணிக்கு இரண்டு புள்ளி எண்பது.

சட்டைப்பைக்குள்ளிருந்து கேட்டாள்:
எவ்வளவு?
சொன்னேன்.
ஓ, என்றாள்.

ஈ.ஈ. இன்னும் கட்டைவிரல் போடவில்லை.