பூஜ்யத்தைத் தொடாத வைரம்

நாலரைக்கே இருட்டிவிட்டது க்ரோனிங்கனில்.
இரண்டாயிரத்துச் சொச்சம் ஆய்வுச் சுருக்கங்கள்;
வேண்டாம், வேண்டாமென்று தள்ளித் தள்ளி
மிஞ்சியவை பதினொன்று.

ஈயத்தைத் தொப்புள்கொடி ரத்தத்தில் அளந்தவர்கள்,
உதிர்ந்த பால்பல்லில் அளந்தவர்கள்.
ஒருவர் அலகு இன்னொருவரோடு ஒட்டவில்லை.

"இதை விட்டுவிடலாம்" என்றான் ரெய்ண்டர்.
உருக்காலை ஊர். நாற்பத்தொரு குழந்தைகள்.
யார் வீடு புகைபோக்கிக்குப் பக்கம் என்று
சோதித்தவருக்கே தெரிந்திருக்கிறது.
அவன் சொல்வது சரி.
மூன்றாவதாகப் படித்த வுபினாவும் தலையாட்டினாள்.

அடிக்குறிப்பை நான்தான் படித்துத் தொலைத்தேன்:
'ஒரு குழந்தை கட்டைகளை அடுக்காமல் அழுதது.
மதிப்பெண் இல்லை.'

இப்போது படத்தில் பத்துச் சதுரங்கள்,
எடைக்குத் தக்க பெரிதும் சிறிதுமாய்.
அடியில் எல்லாம் சேர்ந்த வைரம்,
பூஜ்யக் கோட்டுக்கு இடப்புறம்,
தொடாமல், மயிரிழை தள்ளி.

இரண்டு புள்ளி குறைவு, அவ்வளவுதான்.
ஒரு பிள்ளையிடம் தேடினால் அகப்படாது;
ஒரு நாட்டையே வகுப்பில் உட்காரவைத்தால்
கடைசி பெஞ்சில் இடம் போதாது.

ரெய்ண்டர் விளக்கை அணைத்தான்.
வெளியே சைக்கிள் பூட்டு உறைந்துகிடக்கிறது,
சாவி நுழையவில்லை.
ஊதி ஊதிப் பார்க்கிறேன்.
அந்தக் கட்டைகள் என்ன நிறமோ.