இருபது மில்லிபார்

கடலூர்த் துறைமுகத்தில் ஏழாம் எண் கூண்டு.
கோரிமேட்டில், ஜன்னல் இல்லாத அறையில்,
தண்ணீர்த் தொட்டியை மட்டம் பார்க்கிறேன்.
பத்து சென்டிமீட்டர் ஆழத்தில்
சுண்டுவிரல் நுனியளவு ஒரு குழல்.
அதற்குள் கொஞ்சம் காற்று.
அந்தக் காற்றைக் கேட்டுத்தான்
கருவி இன்று எவ்வளவு கொடுக்கிறதென்று
கையெழுத்துப் போடுவேன்.

நூறு வர வேண்டிய இடத்தில் தொண்ணூற்றெட்டு.
"ரெண்டு ஏத்திடலாமா மேடம்?" என்றாள் அமலோற்பவம்.
வெளியே முதல் நோயாளி, கைத்தறித் துண்டோடு.
மணி ஏழே முக்கால்.

படிவத்தில் 1013 என்றிருந்தது.
என் கையெழுத்துதான். நேற்றையது.
எழுந்து போய் அழுத்தமானியைப் பார்த்தேன்:
993.
எங்கோ கடல்மேல் சுழலும் ஒன்று
இந்தக் குழலுக்குள்ளும் கைவிட்டுக்
காற்றைக் கொஞ்சம் எடுத்துப் போயிருக்கிறது.
கருவி சரி.
ஏற்றியிருந்தால்
இன்று படுக்கும் நாற்பத்தொரு பேருக்கும்
இரண்டு இரண்டாகக் கூடியிருக்கும்.
யாருக்கும் வலித்திருக்காது,
இன்று.

காய்கறிக் கடையில் நூற்றுக்கு இரண்டை
யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

கலிவரதன், தேவனாம்பட்டினம், தொண்டை.
பஸ் நின்றுவிடுமென்று நேற்றே வந்து
தாழ்வாரத்தில் படுத்தவர்.
இருபத்திரண்டு நாள் முடிந்தது, நாற்பத்துநாலு கிரே.
முகமூடியை மாட்டினால்
கன்னத்துக்கும் வலைக்கும் நடுவே
என் விரல் போகிறது.
பேச்சு வராது. சிலேட்டில் எழுதினார்:
மீன் மெலிஞ்சுபோச்சு, வலை அதே வலை.

சிரித்தேன். பிறகு கணக்குப் போட்டேன்.
ஐந்து கிலோ குறைந்த கழுத்தில்
கதிர் வழி குட்டை. தண்டுவடம் கிட்டே.
ஒரு மாதம் முன்பு நான் சரிபார்த்த எண்கள்
வேறொரு மனிதருடையவை.

இன்று வேண்டாம் என்றேன்.
புது முகமூடி, புது ஸ்கேன், புதுக் கணக்கு.
ஒரு நாள் தள்ளினாலும் கட்டிக்கு லாபம்,
அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது,
அதையும் அவரிடம் சொன்னேன்.
துடைத்துவிட்டு எழுதினார்: கூண்டு எத்தனை?
ஏழு.
படகை ஏத்திட்டாங்களா?
அது எனக்குத் தெரியாது.

வெந்நீரில் தகடு இளகியது.
அமலோற்பவம் முகத்தில் பதித்து அழுத்தினாள்.
"அசையாதீங்கய்யா."
நாற்பது வருஷம் ஆடும் பலகையில் நின்ற ஆள்
அசையாமல் கிடந்தார்.
சிலேட்டைப் பிடித்த விரல் மட்டும்
எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.

ராத்திரிக்குள் கணக்கை முடிக்க வேண்டும்.
போகிற வழியில் அழுத்தமானி.
991.
நேற்றைய எண்ணை அடித்துவிட்டுப்
பக்கத்தில் நேரத்தையும் எழுதினேன்.