சுவருக்கு இந்தப் பக்கம்

காற்றடி காலத்தில் எங்கள் ஊர்த் தெருமுனைகளில்
கயிறு கட்டிவிடுவார்கள்,
ஆள் பறந்துவிடாமல் பிடித்து நடக்க.
இந்த ஊருக்குத்தான் வருவதாகச் சொன்னார்கள்
தந்திகள்.
நாலு பேர் குழு.
இப்போது மூன்று பேரும், செத்துப்போன ட்ரம்மரின் மருமகனும்.

புந்தா அரேனாஸுக்கு யார் வருகிறார்கள்?
சாந்தியாகோவோடு திரும்பிவிடுவார்கள்,
மிஞ்சிப்போனால் கொன்செப்சியோன்.
அதற்குத் தெற்கே பென்குவின்தான்
டிக்கெட் வாங்கும் என்று நினைப்பு.

முதல் முறை
விமானம் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிப்போனது.
நண்டுத் தொழிற்சாலை வாசலில் அண்ணாந்து நின்றோம்.
'அதோ, அதுக்குள்ளதான் இருக்காங்க' என்றாள் யெசெனியா
வெறும் மேகத்தைக் காட்டி.
இரண்டாம் முறை விமானம் கிளம்பவே இல்லை.
டிக்கெட்டை ஒருவரும் திருப்பிக் கொடுக்கவில்லை.
என்னுடையது குளிர்பெட்டிக் கதவில்,
தண்ணீர்க் கட்டண ரசீதுக்கு மேலே,
பதினான்கு மாதம்.

மூன்றாம் முறை அவர்கள் இறங்கினார்கள்.
கிடார் பெட்டிகள் இறங்கவில்லை.

மத்தியானத்துக்குள் ஊர் கூடிவிட்டது:
தீயணைப்பு நிலையத்திலிருந்து ட்ரம்,
பெந்தெகொஸ்தே சபையிலிருந்து ஒலிபெருக்கி
(சாத்தான் பாட்டு ஒன்றும் கூடாது என்றார் போதகர் எலிசேயோ),
பல் டாக்டர் ஒர்லாந்தோவின் சிவப்பு கிடார்,
மனைவிக்குத் தெரியாமல் வாங்கியது,
இப்போது ஊருக்கே தெரிந்தது.

கையை எலுமிச்சை போட்டு மூன்று தடவை கழுவினேன்.
நண்டு போகவில்லை.
போகட்டும், வருகிறவர்களில் பாதிப் பேர் நண்டுதான்.
நாற்பத்தொரு வயதுக் கண்ணுக்குக் கட்டியாக மை.
'புகைபோக்கி துடைச்சியா?' என்றாள் யெசெனியா.

இரவு ஒன்பது மணிக்கு ஜிம்னாசியத்தில் வெயில்.
டிசம்பரில் எங்களுக்கு இருட்டு
பத்தரை தாண்டித்தான் வரும்.
பகல் வெளிச்சத்தில் ராக் பார்ப்பது
பல் டாக்டர் விளக்குக்குக் கீழே முத்தமிடுவது போல.
எல்லாம் தெரிகிறது:
பாடகரின் வழுக்கை, கூடைப்பந்து வளையம்,
நாங்கள்.

முதல் அடி விழுந்தது.
அதற்கப்புறம் ஒருவரும் எதையும் பார்க்கவில்லை.

கத்தினேன்.
என் தொண்டைக்குள்
அவ்வளவு பெரிய ஆள் குடியிருந்தது எனக்கே தெரியாது.
பஸ் ஓட்டும் நொல்பெர்த்தோ,
வருடக்கணக்காகச் சில்லறைக்கு மட்டும் என்னோடு பேசுகிறவர்,
என் தோளில் சாய்ந்து அழுதார்.
ஒலிபெருக்கிக்குக் காவல் நின்ற போதகரின்
வலது கால் மட்டும்
சபையை விட்டு விலகியிருந்தது.

அந்தப் பாட்டைக் கடைசியில்தான் பாடுவார்கள்,
குழந்தைக்குக்கூடத் தெரியும்.
அந்த நம்பிக்கையில்
மூன்று பீரின் பாரத்தோடு ஓடினேன்.
கழிப்பறைக் கதவைத் தாழிட்ட நிமிஷம்
சுவருக்கு அந்தப் பக்கம்

தும்.
தும் தும்.

ஆரம்பித்துவிட்டார்கள்.

இருபத்தாறு வருஷம் காத்திருந்தவள்
எங்கே உட்கார்ந்திருந்தேன் பாருங்கள்.

ஆனால்
பதினைந்து வயதில் இப்படித்தானே வந்தது எனக்கு?
பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்
பக்கத்து வீட்டு மாலுமி குடித்துவிட்டுத்
திரும்பத் திரும்பப் போடுவான்.
சொல் வராது, தும் மட்டும் வரும்.
சொல்லை நானே இட்டுக்கட்டிக்கொண்டேன்.
ஒரு வருஷம் கழித்துக் கேசட் வாங்கிப் போட்டால்
எல்லாம் வேறு சொல்.
கோபம் வந்தது,
என் பாட்டில் யாரோ கைவைத்துவிட்டது போல.

உட்கார்ந்தபடியே பாடினேன், என் சொல்லை.
வெளியே கை கழுவிக்கொண்டிருந்த சின்னப் பெண்
கதவைத் தட்டி,
'அக்கா, அது அப்படி இல்ல' என்றாள்.
'தெரியும்' என்றேன்.
'சரி, விடாதீங்க' என்று
தாளத்துக்குக் குழாயைத் திறந்து மூடினாள்.

திரும்பி ஓடியபோது மிச்சமிருந்தது
ஒரே ஒரு அடி.
அது நெஞ்சில் விழுந்தது.

இருட்டிய பிறகு
கயிற்றைப் பிடித்து வரிசையாக நடந்தோம்.
காற்றில் அது உள்ளங்கைக்குள் அதிர்ந்தது.
யெசெனியா ஏதோ கேட்டாள்.
'என்ன?' என்றேன்.
'என்ன?' என்றாள்.