மார்கழிக் கணக்கு

உப்புவெளி ஹோட்டல் மண்டபத்தில்
கொழும்பிலிருந்து வந்தவர் வெள்ளைப் பலகையில்
ஒரு கூம்பு கீறினார்.
உச்சியில் நீங்கள், என்றார்.
என் ஐஸ் கொம்பனியின் உச்சியில் இருப்பது
தண்ணீர்த் தாங்கி.
அதற்கு மேலே ஒரு காகம்.

அந்த இரண்டு மணி நேரத்துக்குள்
போன் பதினேழு தரம் அதிர்ந்தது.
அக்கா, உப்பு முடியுது, எத்தனை மூடை எடுக்க?
அக்கா, லொறிக்கு டீசல் அடிக்கவா?
அக்கா, ஸ்டோர்ச் சாவி எங்க?
சாவி என் இடுப்பில்.
மேசைக்கு அடியில் குனிந்து
ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்,
நானில்லாமல் அங்கே ஒன்றும் ஓடாது என்ற
களவான சந்தோஷத்தோடு.
இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஐம்பது கிலோக் கட்டி உறைய
ஒரு பகலும் ஓர் இரவும் வேண்டும்.
படகுக்காரர் வாசலில் நின்று கத்துகிறார்கள் என்று
முந்தி இழுத்தால்
வெளியே பளிங்கு, நடுவிலே தண்ணீர்.
கொட்பே போய்ச் சேரமுன் பிளந்துவிடும்.
பன்னிரண்டு வருஷம்
அப்படியொரு கட்டியைத்தான்
கொம்பனி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் மூதூரில் ஒரு சாவீடு.
பறைச் சத்தத்துக்குள் என் போனும் செத்தது.
நாலு மணி நேரம்.

திரும்பி வந்தால்
உப்புத்தொட்டிக்குப் பக்கத்தில் ஜவ்பர்,
ஈரக் கையைச் சாரத்தில் துடைத்தபடி.
முன்பின் தெரியாத படகொன்றுக்கு
நாற்பது கட்டி கடன் கொடுத்திருக்கிறான்.
முப்பத்திரண்டாயிரம்.
படகு போய்விட்டது, தந்த நம்பர் வேலை செய்யவில்லை.
“கேக்கிறதுக்கு நீங்க இல்லையே அக்கா.”

வாய்க்குள் மூன்று வசனம் தயாராக இருந்தது.
முதலாவதைத் தொடங்கும்போது கம்பிரசர் ஓடும் சத்தம் கேட்டது.
புதுப் பெல்ட்.
பத்து மணிக்கு அறுந்ததாம்,
பத்தரைக்கு மாற்றிவிட்டானாம்.
அதை அவன் சொல்லவில்லை,
தயாபரி சொன்னாள்.

அன்றிரவு
கவிழ்த்த தகர வாளிகளில் மூன்று பேரும் இருந்து
பிளேன்டீ குடித்தபடி ஒரு தாள் எழுதினோம்.
தெரிந்த படகென்றால் இருபதாயிரம் வரை
ஜவ்பரின் கையெழுத்து போதும்.
தெரியாத படகு, கைக்காசு.
உப்பு, டீசல், பெல்ட், இதற்கெல்லாம் என்னைக் கேட்க வேண்டாம்.
அமோனியா மணந்தால்
வால்வைப் பூட்டு, ஆட்களை வெளியே எடு,
பிறகு எனக்கு அடி.
சம்பளமும் வங்கிக் கடனும் என் தலையில்.
சாவியைக் கழற்றும்போது
இடுப்பில் அது பதிந்திருந்த இடம் கடித்தது.

இன்னொன்றும் எழுதினோம்.
இனி விற்கிற ஒவ்வொரு கட்டியிலும்
இருபது ரூபாய் தனிப் புத்தகத்துக்கு.
வாடை விழுந்து படகெல்லாம் மணலில் ஏறினாலும்
ஒன்பது வீட்டில் உலை ஏற வேண்டும்.
புத்தக அட்டையில் தயாபரி
‘மார்கழி’ என்று எழிலாக எழுதினாள்.
ஐந்தாண்டுத் திட்டம் எங்கே என்று கேட்ட
வங்கி மனேஜரிடம் அதைத்தான் நீட்டினேன்.
மிச்சம் எங்கே என்று
பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

மாதக் கடைசியில் தயாபரி பேனையோடு வந்தாள்.
“அந்த முப்பத்திரண்டாயிரத்தை
எந்தத் தலைப்பில போட? வராக்கடனா?”
வாசலில் ஜவ்பர் லொறிக்குக் கட்டி ஏற்றிக்கொண்டிருந்தான்,
எங்களைப் பாராமல், ஆனால் மெதுவாக.
“படிப்புச் செலவு,” என்றேன்.
“ஆருடைய படிப்பு?”
எழுது, என்றேன்.

இன்று பின்நேரம்
உள்துறைமுக வீதி மான்கள் இரண்டு
எங்கள் கேற்றடியில் நின்று
கார்ட்போர்ட் பெட்டியொன்றைச் சப்பிக்கொண்டிருக்கின்றன.
மேசையில் போன்,
மதியத்திலிருந்து ஒரு முனகலும் இல்லை.
சார்ஜ் இறங்கிவிட்டதோ என்று
எடுத்துப் பார்க்கிறேன்.

எண்பத்திரண்டு வீதம்.