ஏழாவது இன்னிங்ஸில் மழை

பதினொன்றுக்கு இரண்டு.
தோற்றுக்கொண்டிருக்கிறோம்.
டொலிடோவில் இது செய்தியே இல்லை.

தார்ப்பாயை இழுத்து மைதானத்தை மூடுகிறார்கள்.
பக்கத்து இருக்கை டோம்ப்ரோவ்ஸ்கி
ஸ்கோர் அட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொள்கிறார்.
ரன்களைப் பேனாவால் எழுதுவார்,
இடையில் ஒலிக்கும் பாட்டுகளைப் பென்சிலால்.
ரன்னில் சந்தேகமில்லையாம்,
பாட்டின் பெயர்தான் அடிக்கடி தப்பாகிவிடுமாம்.

எனக்குப் பிடித்தவை
முடிவேனா என்று அடம்பிடிக்கும் கிடார் தனி ஆவர்த்தனங்கள்.
பிட்சர் தலையாட்டி மறுத்து, மறுபடி மறுத்து,
தொப்பியைத் தொட்டு,
முதல் பேஸை ஓரக்கண்ணால் பார்த்து
எதையுமே வீசாமல் நிற்பாரே, அதுபோல.
லொரெட்டா இரண்டையும் தாங்கமாட்டாள்.
டயர் கடையில் இருப்பது ஒரே ரேடியோ:
மதியம்வரை டிரம்ஸ், அப்புறம் ஆட்டம்.

ஒலிபெருக்கிக்குள் தண்ணீர் போய்விட்டது.
பேஸ் மட்டும் கேட்கிறது.
ஓடித் தொடும் பேஸ் அல்ல,
விலா எலும்பில் உதைக்கிற பேஸ்.
சொல் இல்லை, குரல் இல்லை.
மூன்றாம் வரிசையில் யாரோ ஆரம்பிக்க
நனைந்த நாற்பது பேர்
மிச்சத்தை நிரப்புகிறோம், தப்பும் தவறுமாய்.

அம்பயர் வெளியே வந்து
உள்ளங்கையை நீட்டிப் பார்க்கிறார்.
டோம்ப்ரோவ்ஸ்கி பென்சிலைத் தேடுகிறார்.
என் காதில்தான் இருந்தது.