புள்ளிக்குப் பின்னால்

மின்விசிறியை நிறுத்தினால்தான்
தராசு நிற்கும்.
நிறுத்தினேன்.
தண்டையார்பேட்டையின் மே மாத இரவு
ரவிக்கைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

மேசைமேல் இரண்டு புத்தகங்கள்.
ஒரே கைத்துப்பாக்கி, ஒரே மருந்து,
ஒரே எடைக் குண்டு.
புள்ளிக்கு முன்னால் இரண்டும் ஒத்துப்போகின்றன.
புள்ளிக்குப் பின்னால்
ஒன்று மூன்று என்கிறது,
மற்றது ஒன்பது.

வித்தியாசத்தை நிறுத்துப் பார்த்தால்
ஒரு குன்றிமணியில் மூன்றில் ஒரு பங்கு.
தங்கமாக இருந்தால்
சௌகார்பேட்டையில் அதற்கும் ஒரு விலை சொல்வார்கள்.
இங்கே விலை என் வலது கை.
உரிமத்தில் ஒட்டிய படத்தில்
எனக்கு இரண்டு கண்ணும் திறந்திருக்கிறது.
அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பகலில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன்.
டாக்டர் கிறுக்கியது ஒன்றா ஏழா என்று
போன் போட்டுக் கேட்காமல்
ஒரு மாத்திரை கிழித்துக் கொடுத்ததில்லை.
இந்தச் சாம்பல் நிறச் செதில்களுக்கும்
மருந்து என்றே பெயர் வைத்திருக்கிறது தமிழ்.
இதற்கு யாருக்குப் போன் போடுவது,
பதினொன்றே காலுக்கு?

பூபாலனுக்குப் போட்டேன்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்,
கிளப்பில் எனக்குப் பக்கத்து இடம்.
"இன்னாக்கா, இதுக்கா இம்மாம் யோசன?
ரெண்டுக்கும் நடுவுல ஒண்ண வச்சிக்கினு போவியா..."

எண்ணூர் சாலையில்
ரெண்டுக்கும் நடுவில் நின்றவர்களை
எனக்குத் தெரியும்.

அதே சாலைக்குப் போகிற கண்டெய்னர் லாரி ஒன்று
தெருமுனையில் திரும்பியது.
தராசின் முள் நடுங்கியது.
அது அடங்கும்வரை
நானும் மூச்சு விடவில்லை.

அளவுக்கு மிஞ்சினால் நஞ்சு என்பார்கள்.
குறைந்தால்?
பழமொழி அதைச் சொல்லாமல் எழுந்து போய்விட்டது.
குறைந்தால் குண்டு
குழாயின் நடுவழியில் நின்றுவிடும்,
பேசின் பிரிட்ஜுக்கு வெளியே
காரணம் சொல்லாமல் நிற்கும் ரயில் மாதிரி.
பின்னாலேயே அடுத்தது வரும்.
அதற்கு சிக்னல் கிடையாது.

காலாவதித் தேதி பார்க்கிற பூதக்கண்ணாடியை
எடுத்துக்கொண்டு வந்தேன்.
எண்ணை விட்டுவிட்டு
எண்ணுக்குக் கீழே எறும்பு மாதிரி ஊர்வதைப் படித்தேன்.

முதல் புத்தகத்தில் பரிசோதித்தது
வெறும் ஈயக் குண்டு.
இரண்டாவதில் செம்புச் சட்டை போட்டது,
கொஞ்சம் மேலே தூக்கி உட்காரவைத்தது,
என்னுடையதைவிட நீண்ட குழாயில் சுட்டது.
அந்தப் பதிப்பு வந்த வருடம்
நான் பத்தாவது பரீட்சை எழுதினேன்.
மருந்து டப்பாவில் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.
உள்ளே இருப்பதும் அதேதானா
என்று எந்த வரியும் சத்தியம் செய்யவில்லை.

என்னிடம் இருப்பது
சிவப்புப் பூச்சுப் பூசிய தட்டை மூக்குக் குண்டு.

ஆக, இரண்டு புத்தகமும் பொய் சொல்லவில்லை.
என் குண்டைப் பற்றி
இரண்டும் பேசவே இல்லை.
வழக்கே இல்லாத வழக்கில்
ஒன்றரை மணி நேரம்
தீர்ப்புச் சொல்லப் பார்த்திருக்கிறேன்.

தட்டில் இருந்த மருந்தை
அதன் டப்பாவிலேயே திருப்பிக் கொட்டினேன்.
ஓரத்தில் ஒட்டிய ஒரு செதிலை
நகத்தால் தள்ளினேன்.
மூடியை இறுக்கி,
டப்பாவின் தொகுதி எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு,
தயாரித்தவர்களுக்கு நாலு வரி கடிதம்:
இந்தக் குண்டு, இந்த நீளம், இந்தக் குழாய்.
நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில் வர எத்தனை நாளாகுமோ.
ஞாயிற்றுக்கிழமை
கிளப்பில் விற்கிற தோட்டாவில்தான் சுடுவேன்,
சுமாராக.

பூபாலன் செய்தி அனுப்பியிருக்கிறான்:
வச்சிட்டியாக்கா?

ஐம்பது பித்தளைக் கூடுகள்
மரத்தட்டில் வாய் பிளந்து நிற்கின்றன,
கடை திறக்குமுன் வந்துவிட்ட நோயாளிகள் போல.
இல்லை என்று அனுப்பிவிட்டு
விசிறியைப் போட்டேன்.

காற்றில் இரண்டு புத்தகமும்
தாமாகவே பக்கம் புரண்டு
வேறு வேறு துப்பாக்கியில் போய் நின்றன.